மச்சமும் வராகமும்

சிறுசேரியில் உயர்ந்து நிற்கும் கணிப்பொறி நிலையங்களின் மேல்மாடங்களினின்று கிழக்கே நோக்குவார்க்கு, பக்கிங்காம் கால்வாயையும் சவுக்குத் தோப்புகளையும் கடந்து, வங்கக் கடல் ஒரு நீலக் கோடாகத் தோன்றும். அங்குப் பணிபுரியும் இளைஞர்களிற் பலர், நம் கலாசாலையிற் பயின்று சென்றோர் உட்பட, அக்கோட்டைக் கண்ணுக்கு இனிய காட்சி என்று கருதுவரேயன்றித் தம் தொழிலோடு தொடர்புடையது என்று கருதார். ஆயினும் அவர்கள் பிற நாடுகளுக்கு அனுப்பும் செய்திகளிற் பெரும்பாலன அக்கடலின் அடியிற் கிடக்கும் வடங்களின் வழியாகவே செல்கின்றன. சென்னைக் கரையினின்று சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் வடங்கள், சூரிய ஒளி ஒருநாளும் எட்டாத சேற்றின்மேற் படுத்திருக்கின்றன. ஆழ்கடல் நமக்கு எட்டாத் தொலைவில் உள்ளது என்னும் எண்ணம் இக்கரையில் வாழ்வார்க்குப் பொருந்தாது.

ஆழ்கடலில் உயிர் இல்லை என்ற பழைய கொள்கையை வீழ்த்தியவற்றுள்ளும் ஒரு கடலடி வடம் உண்டு. 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானிய இயற்கைநூலார், கிரேக்க நாட்டை அடுத்த ஈஜியன் கடலில் அடிமண்ணை வாரி ஆராய்ந்தார். ஆழம் மிகுந்தோறும் உயிர்கள் அருகி வருதலைக் கண்டு, 300 பாகத்திற்குக் கீழே உயிர் வாழ்வது அரிது என்று கருதினார். (பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், கோவளத்து மீனவர்க்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.) அக்கருத்தைக் கற்றோர் பலரும் ஒப்பினர். பின்னர் 1860ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடலில் அறுந்துபோன தந்தி வடம் ஒன்றைப் பழுது பார்க்க மேலே இழுத்தபோது, ஆயிரம் பாகத்திற்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடந்த பகுதியிலே பவளங்களும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருத்தலைக் கண்டனர். அடியிற் கிடந்த வடத்தின்மேல் ஒட்டிய உயிர் அவ்வடியிலேயே வளர்ந்ததாதல் வேண்டும் என்பதை மறுத்தற்கு வழியில்லாமற் போயிற்று. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் என்னும் கப்பல் எஞ்சிய ஐயத்தையும் தீர்த்தது. அக்கப்பலின் வலைகளில் உயிர்களோடு, உருளைக்கிழங்கு போன்ற கரிய கட்டிகளும் வந்தன. அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நம் கடல்களில் இவ்வேலையைச் செய்தது இன்வெஸ்டிகேட்டர் என்னும் கப்பல். இது 1881இற் பம்பாயிற் கட்டப்பட்ட, பக்கச் சக்கரங்களாற் செல்லும் நீராவிக் கப்பல். கரையையும் ஆழத்தையும் அளந்து மாலுமிகட்குப் படம் வரைந்து தருவதே அதன் கடமை. ஆயினும் அதில் ஒரு மருத்துவர் இருந்தார். இயற்கைநூல் ஆராய்ச்சியும் அவர்க்குரிய பணியாக வைக்கப்பட்டது. 1888 முதல் 1892 வரை அப்பதவியில் இருந்த ஆல்ஃப்ரெட் ஆல்காக், அளவைப் பணிக்கு நடுவே கிடைத்த பொழுதுகளில் அடிவலை வீசி, வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் இலட்சத்தீவுக் கடலிலும் உலகம் அதுகாறும் காணாத மீன்களையும் நண்டுகளையும் இறால்களையும் மேலே கொணர்ந்தார். பின்னர்க் கல்கத்தா அருங்காட்சிசாலையின் தலைவராகி, அவற்றைப் பிரித்து, வரைந்து, பெயரிட்டு, நூல்களாக வெளியிட்டார். அவர் குப்பிகளில் இட்டு வைத்த உருக்களை இன்றும் எடுத்து ஒப்பிட்டே புதிதாகக் கிடைக்கும் உயிர் இன்னதென்று துணிகின்றனர். ஒரு சிறு கப்பலும், ஒரு வலையும், பெயரிடத் தெரிந்த ஒருவரும் இருந்தமையால் விளைந்த பயன் இது. இம்மூன்றனுள் மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நிற்க. இன்றைய நிலையைக் காண்போம். சிறுசேரிக்கு வடக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்து, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிலையம் அமைந்துள்ளது. 1993இல் தோன்றிய அந்நிலையத்தார், ஆளில்லாமற் கயிற்றாற் கட்டி இறக்கும் கருவி ஒன்றை 2010ஆம் ஆண்டிலேயே 5,289 மீட்டர் ஆழத்திற்குச் செலுத்தினர். 2021 ஜூன் மாதத்தில் இந்திய அரசு ஆழ்கடல் இயக்கம் என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்து, ஐந்தாண்டுகட்கு 4,077 கோடி ரூபாய் மதிப்பிட்டது. அதன்கீழ் மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம் இறங்குதற்குரிய மத்ஸ்யா 6000 என்னும் கலம் இந்நிலையத்தில் உருவாகி வருகின்றது. அதன் உயிர்நிலை ஒரு கோளம்; உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிப்பு 80 மில்லிமீட்டர், உலோகம் டைட்டேனியக் கலவை. அவ்வளவு தடிப்பு எதற்கு எனின், அவ்வாழத்தில் ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தின்மேல் ஏறத்தாழ 600 கிலோ எடை அழுத்தும். வேலைக்கு 12 மணி நேரமும், இடுக்கண் நேரின் 96 மணி நேரமும் உள்ளிருப்போர் உயிர் தாங்கும்படி அமைத்துள்ளனர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திற் காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் ஆட்களோடும் ஆட்களின்றியும் அதனை இறக்கிச் சோதித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் நாட்டார் இருவர் அட்லாண்டிக் கடலிற் பிரெஞ்சுக் கலம் ஒன்றில் இறங்கிப் பழகினர். ஒருவர் 4,025 மீட்டரும் மற்றவர் 5,002 மீட்டரும் சென்று மீண்டனர்.

இவை பாராட்டத்தக்கன. ஆழத்திற் செல்வது விளையாட்டன்று. 2023 ஜூனில், அமிழ்ந்த டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற டைட்டன் என்னும் கலம் நசுங்கி ஐவர் மாண்டதை உலகம் அறியும். அத்தகைய தொழிலில் நம்மவர் அவசரமின்றிப் படிப்படியாகச் செல்லுதல் அறிவுடைமையே.

ஆயின் பள்ளிக்கரணையில் உருவானது மத்ஸ்யா ஒன்று மட்டும் அன்று. வராகா என்று பெயரிய மற்றொரு யந்திரமும் உண்டு. அது மனிதரைச் சுமப்பதன்று. கடலடியில் ஊர்ந்து அங்குள்ள கட்டிகளைச் சேர்ப்பதற்கு அமைந்தது. மேலே நாம் குறித்த கரிய கட்டிகளே அவை. அவற்றில் மாங்கனீசும், நிக்கலும், செம்பும், கோபால்ட்டும் உள்ளன. இந்தியப் பெருங்கடலின் நடுப்படுகையில், நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே, 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றை ஆராய்தற்கு நம் நாடு 2002ஆம் ஆண்டிற் பன்னாட்டுக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. தமிழ்நாட்டின் பரப்பிற் பாதிக்கு மேற்பட்ட இடம் அது. அங்கு ஏறத்தாழ 38 கோடி டன் கட்டிகள் கிடப்பதாக மதிப்பிட்டுள்ளனர். வராகா 2021ஆம் ஆண்டில் 5,270 மீட்டர் ஆழத்தில் இறங்கி ஊர்ந்து காட்டிற்று.

பெயரிட்டோர் எண்ணித்தான் இட்டனரோ, அறியோம். பெயர்கள் மிகப் பொருத்தமானவை. மாமல்லபுரத்து வராக மண்டபத்திற்கு நம் மாணவர் சுற்றுலாச் சென்றிருப்பர். நாகத்தின்மேல் ஒரு காலை ஊன்றி, கடலினின்று மீட்ட நிலமகளைத் தாங்கி நிற்கும் அவ்வுருவைப் பல்லவர் காலத்துச் சிற்பி பாறையிற் செதுக்கி வைத்துள்ளான். கடலடியிற் கிடந்த நிலத்தைப் பெயர்த்தெடுத்தது வராகம் என்றும், ஊழி வெள்ளத்தில் உயிர்வித்துக்களைக் காத்தது மச்சம் என்றும் புராணங் கூறும். அதன் வரிசையில் மச்சம் முதலது, வராகம் மூன்றாவது. நம் ஆழ்கடலிலோ வராகம் முன்னே சென்றுவிட்டது. மச்சம் இன்னும் அவ்வாழத்தை எட்டவில்லை. இவ்வரிசையை மாற்ற வேண்டும் என்பதே நாம் இங்குச் சொல்ல வந்தது. அங்கு வாழ்வன யாவை என்று கண்டு, அவற்றைப் பெயரிட்டு, எவை எங்கெங்கு உள்ளன என்று அறிந்த பின்னரே அங்குள்ளதை எடுப்பதா வேண்டாவா என்னும் பேச்சு எழ வேண்டும்.

அங்கு வாழ்வன பற்றி உலகம் அறிந்தது எவ்வளவு? பசிபிக் கடலில் கட்டிகள் மிக்க ஒரு பெரும்பகுதியைப் பற்றிய கணக்கொன்று 2023இல் வெளிவந்தது. அங்குக் கிடைத்துள்ள விலங்குகள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் என்றும், அவற்றுட் பத்தில் ஒன்பது பங்கு விஞ்ஞானத்திற் பெயர் பெறாதவை என்றும் அஃது உரைக்கின்றது. பல ஆண்டுகளாகப் பல நாட்டார் சென்று ஆராய்ந்த இடத்தின் நிலையே இது.

அக்கட்டிகள் வெறுங் கல்லும் அல்ல. சேறு பரந்த அவ்வடியில் உறுதியான பொருள் அவையே. ஆதலின் கடற்பஞ்சுகள் முதலியன அவற்றின்மேல் வேரூன்றினாற்போல் நிற்கின்றன. பெரு நாட்டை அடுத்த படுகையில், 4,000 மீட்டருக்குக் கீழே, நம் மீனவர் பேய்க்கணவாய் என்று அழைக்கும் இனத்தைச் சார்ந்த எண்காலி ஒன்று, கட்டியின்மேல் வளர்ந்து மாண்ட கடற்பஞ்சின் தண்டிலே முட்டையிட்டு, அதனைத் தழுவிக் காத்திருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டு 2016இல் எழுதினர். கட்டி இல்லையேல் பஞ்சு இல்லை. பஞ்சு இல்லையேல் முட்டைக்கு இடம் இல்லை. அதே படுகையில் 1989ஆம் ஆண்டில் ஜெர்மானியர் கடலடியைக் கலப்பை கொண்டு உழுது ஒரு சோதனை செய்திருந்தனர். 26 ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தபோது உழுசால்கள் நேற்று உழுதன போல் இருந்தன. அப்பஞ்சுகள் அங்கு மீண்டும் முளைக்கவில்லை. கட்டியோ பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வது. கழனியில் அறுத்த நெல் மறு போகத்தில் விளைவது போல் இவை விளையா. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிலையத்தாரும் 1997ஆம் ஆண்டில் நம் ஒப்பந்தப் பகுதியை உடைய படுகையிலேயே அடிவண்டலைக் கிளறிச் சோதித்து, விளைவுகளைப் பின்னும் பல ஆண்டு நோக்கினர் என்பதை இங்குக் கூறுதல் முறை. நம் நாட்டார் இவ்வகையிற் பொறுப்பற்றவர் என்று நாம் கூறவில்லை.

பெயரிடுதலை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம் என்று சிலர் வினவுவர். பெயர் வைத்தால் என்ன, வையாவிட்டால் என்ன, மீன் மீனாகவே இருக்கும் என்பர். இதற்கு இந்தியப் பெருங்கடலிலேயே விடை உண்டு. அதன் நடுமுகட்டில், கடலடிப் பிளவுகளினின்று கொதிநீர் பீறிடும் ஓர் இடத்தில், 2001ஆம் ஆண்டில் ஒரு நத்தை கண்டெடுக்கப்பட்டது. அதன் காலை இரும்பும் கந்தகமும் சேர்ந்த செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் மூடியுள்ளன. உடலில் இரும்பை இவ்வாறு கவசமாக அணிந்த விலங்கு வேறொன்று அறியப்படவில்லை. எனினும் முறைப்படி விவரிக்கப் பெற்று அது விஞ்ஞானப் பெயர் எய்தியது 2015இல். பதினான்கு ஆண்டுகள் அது ஏட்டில் இல்லாத விலங்காகவே இருந்தது. பெயர் பெற்ற நான்கு ஆண்டுகளுக்குள், 2019இல், அழியும் இடருக்கு உட்பட்ட உயிர்களின் பன்னாட்டுப் பட்டியலில் இடம் பெற்றது. ஆழ்கடற் சுரங்கத் தொழிலால் வரும் இடரைக் காரணமாகக் காட்டி அப்பட்டியலிற் சேர்க்கப்பட்ட முதல் உயிர் இதுவே. பெயரில்லாதவனுக்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க இயலாது. விலங்கின் நிலையும் அஃதே. இதனை விரைந்து பெயரிடக் கற்றோர் மிகுதியாக இருந்திருப்பின் அப்பதினான்கு ஆண்டு நான்காகக் குறைந்திருக்கலாம்.

மாற்றுரை கூறுவார் வன்மையான காரணங்களையே கூறுகின்றனர். அவற்றைத் தள்ளிவிட முடியாது. நம் மாவட்டத்து மறைமலைநகரிலும் அண்டையிலுள்ள ஒரகடத்திலும் வண்டித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் பிழைக்கின்றனர். எண்ணெய் வண்டிகள் போய் மின்வண்டிகள் வருங் காலத்தில், மின்கலத்திற்கு வேண்டும் நிக்கலையும் கோபால்ட்டையும் பிற நாடுகளிடம் விலை கொடுத்தே வாங்க வேண்டியுள்ளது. நாம் எடாவிட்டால் பிறர் எடுப்பர் என்றும் கூறுகின்றனர். முதற் காரணத்திற்கு நம் மறுமொழி: கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத, இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மின்கலங்கள் ஏற்கெனவே கோடிக்கணக்காக ஓடுகின்றன. பத்தாண்டில் எந்த உலோகத்திற்கு எவ்வளவு வேண்டுதல் இருக்கும் என்று இன்று எவராலும் அறுதியிட முடியாது. பத்து இலட்சம் ஆண்டாக அங்குக் கிடந்த பொருள் இன்னும் இருபது ஆண்டு கிடப்பதால் கெட்டுப் போவதில்லை. இரண்டாங் காரணம் இதனினும் வலியது. எனினும் எந்நாட்டுக்கும் உரிமையல்லாத கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை கூறுகின்றது. அதில் தொழில் நடத்துதற்குரிய விதிகளைப் பற்றிக் கிங்ஸ்டன் நகரில் ஆண்டுதோறும் பேசுகின்றனர். 2025ஆம் ஆண்டுக் கூட்டங்களிலும் அவை முடிவு பெறவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் சிறிது நிற்குமாறு கேட்கின்றன. 1987இல் உலகிலேயே முதன்முதலாக முன்னோடி முதலீட்டாளர் என்னும் நிலையைப் பெற்ற நாடு நம் நாடு. அத்தகைய நாடு அங்குள்ள உயிர்களின் பட்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மன்றத்திற் பேசுமாயின், அதன் சொல்லுக்கு வேறொரு நாட்டின் சொல்லுக்கும் இல்லாத மதிப்பு உண்டாகும்.

ஆழ்கடல் இயக்கத்தின் ஆறு பகுதிகளுள் ஒன்று உயிர்வகைகளைக் கண்டறிந்து காப்பது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் பணம் ஒதுக்கிய அளவில் ஆள் வந்துவிடுவதில்லை. யந்திரம் கட்டுதற்கு வேண்டிய இளைஞர்களை நம் மாவட்டத்துப் பொறியியற் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அனுப்புகின்றன. கடலடியினின்று வந்த ஒரு புழுவைக் கையில் எடுத்து, அதன் மயிர்க்காலை எண்ணி, இஃது இன்ன குடும்பத்தது, இதற்கு முன் எவரும் விவரியாதது என்று துணிந்து கூறவல்லாரை எங்கே அனுப்புகின்றோம்? கலாசாலைகளின் விலங்கியற் பகுதிகளில் வகைப்பாட்டைச் சில வாரங்களில் முடித்துவிட்டு உயிரணுவின் உட்கூறுகளுக்குத் தாவுகின்றனர். உயிரணு நூல் வேண்டாம் என்பதன்று. மரபணுவைப் படித்து இனத்தைப் பிரிக்கும் முறை இன்று பெருந்துணை. ஆயினும் அம்முறையும் ஒருவர் முன்னர்ப் பெயரிட்டு வைத்த உருவோடு ஒப்பிட்டே பேசுகின்றது. ஒப்பிட உரு இல்லையேல் அது தருவது ஓர் எண் மட்டுமே. பழைய கலாசாலைகள் சிலவற்றின் காட்சி அறைகளில், மூன்று தலைமுறை ஆசிரியர் சேர்த்து வைத்த குப்பிகள் நீர் வற்றிச் சீட்டுக் கிழிந்து அலமாரியிற் கிடப்பதைக் காண்போர்க்கு நாம் கூறுவது விளங்கும்.

மத்ஸ்யாவின் மூன்று இருக்கைகளுள் ஒன்றிலேனும் பெயரிடத் தெரிந்த ஒருவர் அமர வேண்டும். படக்கருவி அனைத்தையும் பிடிக்கும் என்பர். பிடிக்கும், ஆனால் எதன்பால் திருப்ப வேண்டும் என்பதை அறிந்தவரே திருப்புவர். ஆல்காக்கின் வலையில் வந்ததை மாலுமிகள் அனைவரும் கண்டனர். அவற்றுட் புதியது எது என்று கண்டவர் அவர் ஒருவரே.

அத்தகையோரை ஆக்குதற்கு ஆறாயிரம் மீட்டர் இறங்க வேண்டுவதில்லை. காசிமேட்டிலே இழுவலைப் படகுகள் கரை சேரும் விடியற்பொழுதில், விலை போகாத மீன்கள் தனியே குவிக்கப்பட்டுத் தீவன ஆலைகளுக்குச் செல்கின்றன. தூத்துக்குடியிலும் கேரளக் கரையிலும் ஆழ்கடல் இறாலுக்காக இழுக்கும் வலைகளில், பெருங்கண்ணும் மெல்லுடலும் உடைய மீன்கள் பலவும் கலந்து வந்து அவ்வாறே கழிகின்றன. அக்குவியலில் ஒரு கூடையை மீனவரிடம் கேட்டால் மறுக்கமாட்டார். நாம் கேட்டதுண்டு, மறுத்ததில்லை. அன்றியும், அவற்றிற் சிலவற்றிற்கு அவர்கள் வழங்கும் பெயர்கள் எந்நூலிலும் ஏறாதவை. அவற்றையும் உடன் எழுதிக்கொள்ளலாம். நம் விலங்கியல் மாணவர் திங்களுக்கு ஒரு கூடையாக ஓராண்டு கொணர்ந்து, ஒவ்வொன்றையும் வரைந்து, பதப்படுத்தி, கிடைத்த இடமும் ஆழமும் நாளும் குறித்து வைப்பாராயின், சிறுசேரியிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் அதனைக் கணிப்பொறியில் ஏற்றித் தேடுதற்கு எளிதாக அமைத்துத் தருவர் என்று நம்புகின்றோம். இருவரிடம் பேசியும் வைத்துள்ளோம். பட்டியலின் முதற் பகுதிக்கு அடுத்த ஆண்டு இவ்விதழில் எட்டுப் பக்கம் ஒதுக்குமாறு பத்திராதிபரை இப்பொழுதே கேட்டுக்கொள்கின்றோம்.